அயோவா 80 டிரக் ஸ்டாப்: வண்டி சொந்தமில்லாத ஓட்டுநரின் மதிப்புரை

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில், அயோவா மாநிலத்தின் வால்காட் என்ற சிற்றூரை ஒட்டி, 284ஆம் எக்ஸிட்டில் இருக்கிறது அயோவா 80 டிரக் ஸ்டாப் என்ற, லாரிகள் நின்று எரிபொருள் நிரப்பி ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் வளாகம். உலகிலேயே பெரியது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இந்த இடத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். விடுமுறைப் பயணத்தில் சற்று நேரம் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு போனவர்கள் ஒரு வகை. ஆண்டு முழுவதும் ஒரே லாரியை ஓட்டி அதிலேயே உறங்கி எழுபவர்கள் இன்னொரு வகை. நான் இந்த இரண்டிலும் சேராதவன். புது லாரிகளையும் கைமாறிய லாரிகளையும் ஓட்டிக்கொண்டுபோய் உரியவரிடம் ஒப்படைக்கும் டிரைவ்அவே ஓட்டுநர் என்பதால், இந்த மதிப்புரையும் அந்தத் தொழிலின் தேவைகளை அளவுகோலாக வைத்தே எழுதப்படுகிறது.

அந்தத் தேவைகள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சரக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. ஓட்டும் வண்டியே சரக்கு. பென்சில்வேனியாவின் மெக்கங்கியில் மேக், ஓஹாயோவின் சில்லிகாத்தியில் கென்வொர்த், அதே மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இன்டர்நேஷனல், டெக்சாசின் டென்டனில் பீட்டர்பில்ட் என்று லாரி ஆலைகள் நாடெங்கும் இருக்கின்றன. அங்கிருந்து விற்பனையாளரிடமோ, பாடி கட்டும் பட்டறைக்கோ, வாங்கிய நிறுவனத்துக்கோ வண்டியைக் கொண்டுசேர்ப்பதுதான் வேலை. சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய நிமிடமே ஓட்டுநர் வண்டியில்லாத ஆளாகி, கையில் ஒரு பையுடன் சாலையோரத்தில் நிற்பார். கூலி மைல் கணக்கில் வரும். சாப்பாட்டையும் தங்கும் அறையையும் வீடு திரும்பும் பயணத்தையும் பெரும்பாலும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியில் படுக்கை இருந்தாலும் அதில் படுக்கப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. வாங்குபவருக்குப் புத்தம் புதிதாகப் போய்ச்சேர வேண்டும் என்பதால், இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவும் கூடாது, உள்ளே புகைக்கவும் கூடாது. படுக்கையே இல்லாத டே கேப் வண்டிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நீண்டதூர லாரி ஓட்டுநர் தன் கேபினுக்குள் வைத்திருக்கும் குளிர்பெட்டி, மைக்ரோவேவ், போர்வை, தொலைக்காட்சி ஆகிய எதுவும் எங்களிடம் இருக்காது. ஆகவே ஒரு டிரக் ஸ்டாப் மற்ற ஓட்டுநர்களுக்கு வாசல் திண்ணை என்றால், எங்களுக்கு அதுவே வீட்டின் எல்லா அறைகளும் ஆகிவிடுகிறது.

இடத்தின் வரலாறு சுருக்கமானது. 1964ஆம் ஆண்டில், இன்டர்ஸ்டேட் 80 இந்தப் பகுதியில் இன்னும் முழுமை பெறாத காலத்தில், ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் இதைத் திறந்தது. மறு ஆண்டு பில் மூன் என்பவர் நிர்வாகத்தை ஏற்று, 1984இல் அந்த எண்ணெய் நிறுவனத்திடமிருந்தே விலைக்கு வாங்கினார். இன்றுவரை அவருடைய குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. டிஏ என்ற பெரிய டிரக் ஸ்டாப் குழுமத்தின் வலையமைப்பில் இணைந்திருந்தாலும், வேறெங்கும் பார்க்கும் அச்சில் வார்த்த கட்டடமாக இல்லாமல், தேவைப்பட்டபோதெல்லாம் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டி வளர்ந்த இடம் என்பது உள்ளே நடக்கும்போதே புரியும்.

முதலில் பார்க்கிங். ஏறக்குறைய 900 லாரிகள் நிற்க இங்கே இடம் உண்டு. இந்த எண்ணைப் பெருமைக்குரிய செய்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் பல வண்டிகளை ஒன்றாகப் பூட்டிய டெக்கை ஓட்டுபவருக்கு அதன் பொருளே வேறு. இரண்டு, மூன்று, சில வேளைகளில் நான்கு டிராக்டர்களை (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டிகளை) ஒரே ஓட்டுநர் ஒரே பயணத்தில் கொண்டுபோவதற்காக, பின்னால் வரும் வண்டியின் முன்சக்கரங்களைத் தூக்கி, முன்னால் இருக்கும் வண்டியின் டிரெய்லர் மாட்டும் ஐந்தாம் சக்கரத்தட்டின் மீது சேடில் என்ற இரும்புத் தாங்கியால் பூட்டிவிடுவார்கள். யானைக் கூட்டத்தில் ஒன்றன் முதுகில் இன்னொன்று முன்னங்கால்களை வைத்து நடப்பது போல அந்த வரிசை போகும். முன்னே ஓடும் வண்டிக்குப் பின்னால் இப்படி மூன்று வண்டிகள் வரை பூட்ட ஒன்றிய அரசின் விதி இடம் தருகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மொத்த நீளம் 97 அடி வரை போகலாம். வழக்கமான டிரெய்லர் லாரியைவிட இது இருபது அடிக்கும் மேல் கூடுதல். நீளத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். பின்னோக்கி எடுப்பதுதான் சிக்கல். ஒரே ஒரு மூட்டு உள்ள டிரெய்லரையே ரிவர்ஸில் நேர்ப்படுத்தப் பழக்கம் வேண்டும். மூன்று மூட்டுகள் உள்ள டெக்கைப் பின்னோக்கித் தள்ள முயன்றால் சில அடிகளிலேயே அது கோணிக்கொண்டு நின்றுவிடும். எனவே முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேற முடியாத எந்த இடமும் எங்களுக்குப் பார்க்கிங் அல்ல.

சாதாரண டிரக் ஸ்டாப்புகளில் மாலை ஆறு மணிக்கு மேல் நுழையும் டெக் ஓட்டுநரின் நிலை இரங்கத்தக்கது. இந்தியானாவில் ஓரிடத்தில் (எது என்பது இங்கே வேண்டாம்) கடைசி வரிசையில் எவரோ குறுக்கே நிறுத்தியிருந்த ஒரு பிக்கப்பின் காரணமாக, திரும்பவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல், அதன் உரிமையாளர் சாப்பிட்டு முடித்து வரும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் நின்ற லாரிகளின் ஹாரன் ஒலியை ஒப்பந்தத்தில் யாரும் எழுதித் தருவதில்லை. வால்காட்டில் வழிகள் அகலமானவை, வரிசைகள் நீளமானவை, வளைவுகளில் பின்வண்டியின் சக்கரம் எதையும் உரசாமல் சுற்றிவர இடம் உண்டு. டெக்குடன் வருபவர்கள் கட்டடத்துக்கு அருகில் இடம் தேடாமல் ஓரத்து வரிசைகளுக்கு நேராகப் போய்விடுவது நல்லது. நடக்க வேண்டிய தூரம் கூடும் என்றாலும், மறுநாள் விடியலில் எந்த வண்டியும் வழிமறிக்காமல் வெளியேறலாம்.

அந்த ஓரத்து வரிசைகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: வண்டியைச் சுற்றி நிதானமாக நடந்து பார்க்க முடியும். டெக்கைப் பார்வையிடுவது சாதாரண லாரியைப் பார்வையிடுவதைப் போன்றதல்ல. ஒவ்வொரு சேடிலின் யு போல்ட்டையும் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்க வேண்டும். இறுகிய போல்ட் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகத் தட்டும். பாதுகாப்புச் சங்கிலி தரையில் உரசாமலும் விறைப்பாக இழுபடாமலும் தொங்குகிறதா, வண்டிக்கு வண்டி போகும் காற்றுக்குழாய்கள் திருப்பத்தில் எதிலும் சிக்கித் தேயாமல் கட்டப்பட்டிருக்கின்றனவா, கடைசி வண்டியின் பின்னால் மாட்டிய விளக்குப் பட்டை எரிகிறதா என்று பார்க்க வேண்டும். இழுபடும் வண்டிகளின் கியர்பாக்ஸ் எண்ணெய் ஓட்டமின்றிச் சுழன்று கெட்டுவிடாமலிருக்க டிரைவ் ஷாஃப்ட்டையோ ஆக்சில் ஷாஃப்ட்டையோ கழற்றியிருப்பார்கள். ஆக்சில் ஷாஃப்ட் எடுத்த இடத்தில் மூடியைச் சுற்றி எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று குனிந்து விரலால் தடவிப் பார்ப்பேன். நின்ற கையோடு ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கொண்டுபோனால் சூட்டில் வேறுபாடு தெரியும். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது என்று பொருள். நெருக்கியடித்த ஓரிடத்தில், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே உடம்பைச் செருகிக்கொண்டு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட முடியாது.

பார்க்கிங் பற்றி இவ்வளவு எழுதுவது மிகையென்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம், தென் கரோலினாவில், சரக்கு இறக்கும் நேரத்துக்கு முன்கூட்டியே அந்தப் பகுதிக்கு வந்துவிட்ட ஜேசன் ரிவன்பர்க் என்ற லாரி ஓட்டுநர், நிறுத்த வேறு இடம் கிடைக்காமல் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கியபோது வழிப்பறிக்காரனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி தொடர்ந்து குரல் கொடுத்ததன் விளைவாக, 2012இல் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டத்தில் லாரிப் பார்க்கிங்குக்கான பிரிவு அவர் பெயரிலேயே சேர்ந்தது. பாதுகாப்பாக நிறுத்தும் இடம் என்பது இந்த நாட்டில் ஓட்டுநர்களுக்கு வசதி சார்ந்த விஷயமாக மட்டும் இருந்ததில்லை.

குளியலறைகள் 24 உள்ளன. அமெரிக்க டிரக் ஸ்டாப்புகளில் பொதுவான நடைமுறை, குறிப்பிட்ட அளவு டீசலை ஒரே தடவையில் நிரப்பினால் ஒரு குளியலுக்கான சலுகை அட்டையில் ஏறும் என்பதே. இந்த ஏற்பாடு 200 கேலன் கொள்ளும் தொட்டிகளை நிரப்பிக்கொண்டு போகும் நீண்டதூர ஓட்டுநரை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. நாங்களோ ஒப்படைக்கும் இடத்துக்குப் போய்ச்சேரத் தேவையான அளவு மட்டுமே நிரப்புவோம். அடுத்தவர் தொட்டியில் மிச்சம் விட்டுவிட்டு வருவது எங்கள் கணக்கில் நட்டம். அதனால் பல நேரம் சலுகை ஏறாது; குளியலுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் நெடுஞ்சாலைகளில் அது பொதுவாக 15 டாலருக்கு மேல் போய்விட்டது. விடுதி அறை எடுக்கும் இரவில் அங்கேயே குளித்துவிடலாம் என்பதால், டிரக் ஸ்டாப்பில் காசு கொடுத்துக் குளிப்பது பயணத்தின் நடுப்பகலிலும், வண்டியை ஒப்படைத்துவிட்டு நேராகப் பேருந்தோ விமானமோ ஏறப்போகும் நாளிலும்தான். பூட்டிக்கொள்ளும் தனி அறை, வெளுத்த துண்டு, பையைத் தரையில் வைக்காமல் மேலே வைக்க ஒரு பலகை ஆகிய மூன்றும் இருந்துவிட்டால் எனக்குப் போதும். மூன்றும் இங்கே சரியாக இருக்கின்றன. பையை வைக்கும் பலகையைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பையில் உடைகளோடு ஸ்பானர், சுத்தியல், காற்றழுத்தமானி, காந்தத்தில் ஒட்டும் நிறுவனப் பலகை, போக்குவரத்து எண் பலகை, எச்சரிக்கை முக்கோணங்கள் எல்லாம் இருக்கும். ஈரத்தரையில் வைத்தால் மாற்றுச் சட்டையும் துருவும் ஒன்றாகிவிடும்.

துணி துவைக்கும் இயந்திரங்களும், ஓட்டுநர்கள் உட்கார ஓய்வறையும், சிறிய திரையரங்கும் உண்டு. நிறுவனத்தில் இருந்து அடுத்த வண்டி எங்கே என்ற செய்திக்காகக் காத்திருக்கும் டிரைவ்அவே ஓட்டுநருக்கு, எதையும் வாங்காமல், யாரும் எழுப்பிவிடாமல் உட்கார ஓரிடம் என்பது பெரிய வரம். படம் பார்த்ததில்லை, திரையரங்கின் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணி நேர விதிகளைப் பொறுத்தவரை எங்கள் நிலை சற்று விசித்திரமானது. 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். எட்டு மணி நேரம் ஓட்டியபின் அரை மணி நேர இடைவெளி. பிறகு தொடர்ந்து 10 மணி நேர ஓய்வு. இவை எல்லா லாரி ஓட்டுநர்களுக்கும் பொதுவானவை. 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, ஓட்டும் நேரத்தைத் தானாகக் குறிக்கும் மின்னணுப் பதிவுக் கருவியின் கட்டாயத்திலிருந்து மட்டும் டிரைவ்அவே பயணங்களுக்கு விலக்கு உண்டு. ஓட்டும் வண்டியே சரக்காக இருக்கும்போது அதில் கருவி பொருத்தச் சொல்வதில் அர்த்தமில்லை அல்லவா? ஆகவே இன்றும் நாங்கள் காகித லாக் புக்கில் அளவுகோல் வைத்துக் கோடு இழுக்கிறோம். அந்த லாக் புக்குகள் இங்கே கிடைக்கின்றன. கருவிகள் வந்தபின் பல கடைகளில் அவை மூலைக்குப் போய்விட்ட நிலையில், தேடாமல் எடுக்கும்படி வைத்திருப்பதற்கு ஒரு நன்றி. படுக்கையுள்ள வண்டிக்காரர்கள் அந்தப் பத்து மணி நேர ஓய்வை ஏழும் மூன்றுமாகவோ எட்டும் இரண்டுமாகவோ பிரித்துக்கொள்ளலாம். படுக்கையைப் பயன்படுத்த முடியாத எங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. பத்து மணி நேரத்தை ஒரே மூச்சில் எங்கே கழிப்பது என்பதை முந்தைய நாளே முடிவு செய்ய வேண்டும். நெடுஞ்சாலை எக்ஸிட்டை ஒட்டியே விடுதிகள் இருப்பது வால்காட்டை அந்த முடிவுக்கு ஏற்ற இடமாக்குகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். அயோவா 80 கிச்சன் என்ற உணவகத்தில் ஒரே நேரத்தில் 300 பேர் உட்காரலாம். 50 அடி நீளத்துக்குப் பரப்பிவைத்த சாலட் வரிசை இதன் பெயர்பெற்ற அம்சம். பன்றி வளர்ப்பில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் மாநிலம் அயோவா. ஆகவே இங்கே எதைச் சாப்பிடுவது என்று கேட்பவருக்குத் தடித்த பன்றித் துண்டு வறுவலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். சுவையில் குறையில்லை. ஆனால் என் வாக்கு சாலட் வரிசைக்கே. கேபினுக்குள் குளிர்பெட்டி வைத்திருப்பவர் வீட்டிலிருந்து காய்கறியும் பழமும் கொண்டுவரலாம். எங்களுக்கோ பெட்ரோல் பங்கில் சுழலும் சூட்டில் கிடக்கும் தொத்திறைச்சியும் பர்கரும்தான் வாரம் முழுவதும் வாய்க்கும். பச்சைக் காய், வேகவைத்த பயறு, முட்டை, பழம், சூப் என்று தட்டில் நானே அளந்து எடுத்துக்கொள்ளும் ஒரு வேளை, அதன்பின் நான்கு மணி நேரம் கண் செருகாமல் ஓட்டவைக்கிறது. வறுவலைச் சாப்பிட்டுவிட்டு நெப்ராஸ்காவின் நேர்கோட்டுச் சாலையில் ஏறுவது வேறு அனுபவம்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். சுயதொழில் கணக்கில் வரி கட்டும் டிரைவ்அவே ஓட்டுநர்கள், வீட்டை விட்டு இரவு தங்கும் நாட்களுக்கு, ஒவ்வொரு ரசீதையும் சேர்த்துவைக்காமல் வரித்துறை வகுத்த நாள்படியைக் கணக்கில் காட்டலாம். 2024 அக்டோபர் முதல் அது போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 80 டாலர். பணி நேர விதிகளுக்கு உட்பட்டவர்கள் அதில் 80 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுவதை ஆடம்பரம் என்று எண்ணிப் பசியோடு ஓட்டும் புதியவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பலரையும் வாய்பிளக்க வைப்பது சூப்பர் டிரக் ஷோரூம். கூரையிலிருந்து தரைவரை குரோம்: பம்பர்கள், புகைக்குழாய்கள், நட்டு மூடிகள், கண்ணாடி வளையங்கள், விளக்கு வரிசைகள். சொந்த லாரி வைத்திருப்பவர் கையில் பணத்துடன் உள்ளே போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். என்னைப் போன்றவருக்கு இதில் வாங்க ஒன்றுமே இல்லை. நாளை மறுநாள் வேறொருவர் கைக்குப் போகும் வண்டியில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டுவதற்கில்லை. அழகான பொருட்காட்சி என்ற அளவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அருகிலிருக்கும் அன்றாடப் பொருட்களின் பக்கம் போவதுதான் என் வழக்கம். கேபிள் டை, ஒட்டு நாடா, கையுறை, ஒளிரும் மேலாடை, ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசும் சிபி ரேடியோவுக்குக் காந்த அடியுடன் கூரையில் நிற்கும் ஆன்டெனா, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சார்ஜர் என்று கழற்றி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய எல்லாம் அங்கே இருக்கின்றன. புது வண்டியில் கையுறைப் பெட்டிக்குள் கையேட்டைத் தவிர எதுவும் இருக்காது என்பதால், நடுவழியில் காற்றுக்குழாய் தளர்ந்து தொங்கும்போது கைகொடுப்பது இந்த அலமாரிகள்தான்.

எடைமேடையைக் குறிப்பிடாமல் இந்த இடத்தைப் பற்றிப் பேச முடியாது. நாடெங்கும் டிரக் ஸ்டாப்புகளில் பார்க்கும் கேட் ஸ்கேல் எடைமேடை நிறுவனத்தை 1977இல் தொடங்கியவரும் இதே பில் மூன்தான்; அதன் தலைமையகமும் வால்காட்டில்தான். அங்கே நிறுத்தி விதிக்குட்பட்ட எடை என்று சீட்டு வாங்கியபின்னும் சோதனைச் சாவடியில் கூடுதல் எடைக்கு அபராதம் விழுந்தால், நிறுவனமே அபராதத்தைச் செலுத்தும் அல்லது நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வரும் என்ற உறுதிமொழி லாரித் தொழிலில் பலருடைய தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது. சரக்கில்லாத டிராக்டர்களைக் கொண்டுபோகும் எங்களுக்கு அது அரிதாகவே தேவைப்படுகிறது. நான்கு டிராக்டர் டெக்கும் பொதுவாக 80,000 பவுண்டு வரம்புக்கு உள்ளேயே நிற்கும். குப்பை லாரி, கான்கிரீட் கலவை லாரி போன்ற கனத்த உடற்கட்டுள்ள வண்டிகளைக் கொண்டுபோகிறவர்கள் மட்டும் அச்சு வாரியாக ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பல் மருத்துவர், முதுகு வலிக்குக் கையால் சிகிச்சை தரும் கைரோபிராக்டர், முடிதிருத்துபவர் ஆகியோரும் இதே வளாகத்தில் இருக்கிறார்கள். வாரத்தில் எந்த நாள் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவருக்கு முன்பதிவு செய்வதே பெரும்பாடு என்றாலும், பல்வலியோடு வந்து இறங்குபவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று விளக்க வேண்டியதில்லை.

லாரி அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்கலாம். பில் மூன் சேர்த்த பழைய வண்டிகளிலிருந்து வளர்ந்த இதில் நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. 1910களின் வாக்கர் மின்சார லாரியின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன். மின்சார லாரி ஏதோ நேற்று கண்டுபிடித்த புதுமை என்று பேசும் விற்பனையாளர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். தொழில் சார்ந்து யோசித்தால் ஒரு கேள்வியும் எழுகிறது: ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தூரம் டீசல் தொட்டியை எட்டாதவரை, ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் வாடிக்கையாளரிடம் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பவருடைய கூலியை எந்தக் கணக்கில் வைப்பது? மைல் கணக்கில் வாங்குபவருக்கு மின்னேற்றி முன் காத்திருக்கும் மணிநேரங்கள் சும்மா கழிபவை.

இங்கிருந்து கிளம்புவதுதான் எங்களுக்கு மிச்சமிருக்கும் சங்கடம். அருகிலேயே வண்டியை ஒப்படைத்தவர்கள் வீடு திரும்ப இந்த இடத்தைக் கூடுமிடமாக வைத்துக்கொள்வது எளிதாகத் தோன்றும். லாரி இல்லாமல் வந்துசேரும்போதுதான், எல்லாமே சக்கரத்தின் மேல் வருபவருக்காக அமைந்திருப்பது உறைக்கிறது. விமானம் என்றால் இல்லினாயின் மொலைனில் இருக்கும் குவாட் சிட்டீஸ் விமான நிலையம், சுமார் 20 மைல். ஆம்டிராக் ரயில் என்றால் கேல்ஸ்பர்க் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கே சிகாகோவுக்கும் மேற்குக் கடற்கரைக்கும் ரயில்கள் நிற்கும். இரண்டுக்கும் வாடகைக் கார் வேண்டும், அல்லது அதே நிறுவனத்தின் இன்னொரு ஓட்டுநர் தன் சொந்தக் காரைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் கருவிப் பையின் எடையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பயணத்தில் 50 பவுண்டைத் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும், மைல் கூலியில் ஒரு துண்டு அதற்கே போய்விடும்.

ஆகவே ஒப்படைத்து முடித்த பின்னர் வந்து தங்கும் இடமாக அல்லாமல், கிழக்கு ஆலைகளிலிருந்து மேற்கு நோக்கிப் போகும் வண்டி கையில் இருக்கும்போது நடுவே நிற்கும் இடமாகவே இதைப் பரிந்துரைக்கிறேன். சிகாகோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில் இருப்பதால், அந்த நகரத்தின் நெரிசலைக் காலையில் கடந்துவிட்டால் மதிய உணவுக்கு இங்கே சேரலாம். டெக்குடன் வருபவர்கள் இருட்டுவதற்கு முன் நுழைவது நல்லது. ஜூலையில் வருபவர்கள் மட்டும் முன்கூட்டியே தேதி பார்த்துக்கொள்ள வேண்டும். 1979 முதல் நடந்துவரும் வால்காட் டிரக்கர்ஸ் ஜாம்போரி அந்த மாதத்தில்தான் வரும். அலங்கரித்த லாரிகளும் வேடிக்கை பார்ப்போரும் பார்க்கிங்கில் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும் அந்த நாட்களில், 97 அடி நீள வண்டியுடன் வருபவர் முந்தைய எக்ஸிட்டுகளிலோ சாலையோர ஓய்விடங்களிலோ மாற்று இடம் ஒன்றைக் குறித்துவைத்துக்கொண்டு வரட்டும்.